கொடியில் காயும் துண்டு: பருத்தியா, மைக்ரோஃபைபரா?

துண்டு விற்பவர்கள் ஒரே ஒரு குணத்தைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள்: எவ்வளவு தண்ணீரை உறிஞ்சும் என்பது. மைக்ரோஃபைபர் துண்டின் அட்டையில், தன் எடையைப் போல ஏழு மடங்கு உறிஞ்சும் என்று அச்சிட்டிருக்கும். தேங்காய்ப்பூத் துண்டின் அட்டையில் ஜி.எஸ்.எம். என்ற எண் 400, 500, 600 என்று ஏறிக்கொண்டே போகும். வாங்குகிறவரும் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு, எது மெத்தென்று இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வருகிறார். ஆனால் ஒரு துண்டு தண்ணீரை உறிஞ்சுவது நாளுக்கு ஐந்து நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் அது காய்கிறது, அழுக்கைச் சுமக்கிறது, வாளியில் ஊறுகிறது, துவைபடுகிறது. நல்ல துண்டு எது என்பதைத் தீர்மானிப்பது அந்த மீதி நேரம்தான் என்பதும், அது ஊருக்கு ஊர் மாறும் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம். திண்டுக்கல் நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, சின்னாளபட்டிச் சமவெளியையும் எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். இங்கே வெயில் தாராளம், தண்ணீர் பற்றாக்குறை, கிடைக்கிற தண்ணீரிலும் உப்பு. இந்த மூன்றையும் கணக்கில் எடுத்தால் வருகிற விடை, குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக்கு எழுதிக்கொண்ட விடையாக இருக்க முடியாது.

முதலில் நாரைப் பார்ப்போம். பருத்தி என்பது செல்லுலோஸ். தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் அதன் மூலக்கூறில் ஏராளம். அதனால் தண்ணீர் நாருக்கு உள்ளேயே புகுகிறது, நார் பருக்கிறது. சும்மா அலமாரியில் மடித்து வைத்த பருத்திகூடக் காற்றிலிருந்து தன் எடையில் ஏழெட்டு சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். பாலியஸ்டருக்கு அந்த அளவு 0.4 சதவீதம்தான். அப்படிப்பட்ட பாலியஸ்டரில் செய்த துணி எப்படி உறிஞ்சுகிறது என்றால், இழையின் மெலிவில் இருக்கிறது சூட்சுமம். 9,000 மீட்டர் நீளமுள்ள இழை 1 கிராம் எடை இருந்தால் அது 1 டெனியர். அதற்கும் மெல்லிய இழைதான் மைக்ரோஃபைபர். 1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ இத்தகைய நுண்ணிழையால் செயற்கை மான்தோல் துணியை உருவாக்கியதிலிருந்து இந்தத் தொழில் வளர்ந்தது. துடைக்கும் துணிகளுக்குப் பெரும்பாலும் எண்பது பங்கு பாலியஸ்டரையும் இருபது பங்கு நைலானையும் ஒரே இழையாக உருக்கி இழுத்து, பிறகு அதைப் பிளக்கிறார்கள். ஆரஞ்சுப் பழம் சுளை சுளையாகப் பிரிவதைப் போல இழை பிரிந்து, ஒவ்வொரு சுளைக்கும் கூரான விளிம்பு கிடைக்கிறது. தண்ணீர் நிற்பது இந்தச் சுளைகளுக்கு நடுவே உள்ள இண்டு இடுக்குகளில். இழைக்குள் ஒரு சொட்டுகூடப் போவதில்லை என்றே சொல்லிவிடலாம். ஆகவே மைக்ரோஃபைபரை முறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். பருத்தியை எவ்வளவு பிழிந்தாலும் நாருக்குள் புகுந்தது அங்கேயே நிற்கும், வெயில்தான் அதை வெளியே கொண்டுவர வேண்டும். ஒன்று சீக்கிரம் காய்வதற்கும் மற்றது தாமதிப்பதற்கும் காரணம் இதுதான்.

அதே கூரான விளிம்புகள் தோலில் வேறு வேலை செய்கின்றன. ஈரமான மென்மையான கன்னத்தில் மைக்ரோஃபைபர் இதமாகவே இருக்கும். வெடித்த குதிகால், காய்ப்பு ஏறிய உள்ளங்கை, வறண்ட முழங்கை இவற்றில் பட்டால் இழை கொக்கி போட்டு இழுக்கும். தறியிலும் தோட்டத்திலும் தோல் பதனிடும் ஷாப்பிலும் வேலை செய்து உரமேறிய கைகள் நிறைந்த ஊரில் இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. சிலருக்கு அந்த உணர்வு பல் கூசுகிற அளவுக்குப் பிடிக்காமல் போகிறது. உடம்பைத் துடைக்க மைக்ரோஃபைபரை வைத்து அழுத்தித் தேய்த்தால் தண்ணீர் தள்ளிக்கொண்டு போகுமே தவிர ஏறாது. ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். பழக்கம் வந்துவிட்டால் இது குறையில்லை. ஆனால் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற பிள்ளை ஒற்றி ஒற்றித் துடைக்காது.

உறிஞ்சும் அளவைப் பற்றிய பெருமையை இனி எண்களில் வைத்துப் பார்க்கலாம். குளித்து முடித்த உடம்பில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குத் தண்ணீர் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொண்டால், ஒன்றே முக்கால் சதுர மீட்டர் தோலுக்கு 175 மில்லி. தலைமுடியில் நிற்பதையும் சேர்த்தால் ஒரு டம்ளர், ஒன்றரை டம்ளர். 30 அங்குலம் அகலமும் 60 அங்குலம் நீளமும் உள்ள துண்டின் பரப்பு ஏறக்குறைய 1.16 சதுர மீட்டர். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. எனவே 500 ஜி.எஸ்.எம். தேங்காய்ப்பூத் துண்டின் எடை அரைக் கிலோவைத் தாண்டி 580 கிராம். நம் ஊர்களில் காலங்காலமாக வழங்கும் மெல்லிய ஈரிழைத் துண்டோ குற்றாலத் துண்டோ 150 ஜி.எஸ்.எம். அளவில் இருந்தால் 175 கிராம்தான். அந்த 175 கிராம் பருத்தி தன் எடையைப் போல இரண்டு மடங்குத் தண்ணீரைத் தாங்கினாலே உடம்புக்கும் தலைக்கும் போதும். ஏழு மடங்கு உறிஞ்சும் திறனும் அரைக் கிலோ பஞ்சும் நமக்கு இல்லாத தேவைக்கான தீர்வுகள். இதைச் சொல்லாமல் மைக்ரோஃபைபரையும் பருத்தியையும் ஒப்பிடுகிறவர்கள், பருத்தி என்றாலே தேங்காய்ப்பூத் துண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணி கண்ணியாக நூல் நிற்கும் அந்த நெசவு துருக்கியிலிருந்து போய், இங்கிலாந்தில் எந்திரத்தில் ஏறி, 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் இடம்பெற்றது. காயவைக்கத் தனி எந்திரமும் கதகதப்பான அறையும் உள்ள வீடுகளுக்கு அது பொருந்தும். இந்தச் சமவெளியில் போட்டி உண்மையில் மூன்று பேருக்கு நடுவில் நடக்கிறது; மூன்றாவதான மெல்லிய துண்டைக் கணக்கில் சேர்க்காததால்தான் விடை தவறிப் போகிறது.

காய்வதை எடுத்துக்கொள்வோம். மேற்கே பழனி மலை, கிழக்கிலும் தெற்கிலும் சிறுமலை. நடுவில் இருக்கும் இந்த நிலம் வருடத்தின் பெரும்பகுதி வறண்ட காற்றில் கிடக்கிறது. சித்திரை, வைகாசியில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடிக் கொடியில் ஒற்றை மடிப்பில் போட்ட மெல்லிய துண்டு, போட்டவர் சமையலை முடித்து மேலே வருவதற்குள் காய்ந்திருக்கும். மைக்ரோஃபைபர் அதைவிடக் கொஞ்சம் முன்னால் காய்ந்தால் என்ன, பின்னால் காய்ந்தால் என்ன? விரைவாகக் காய்கிறது என்பது ஈர ஊர்களில் பெரிய வரம். இங்கே அந்த வரத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்கள்தான் உண்டு. அந்த நாட்களில் தேங்காய்ப்பூத் துண்டு இரண்டு நாளானாலும் நடுவில் ஈரம் நிற்கும், வாடை அடிக்கும் என்பது உண்மை. மெல்லிய துண்டை மின்விசிறிக்கு அடியில் நாற்காலி முதுகில் விரித்தாலே போதும். காற்றோட்டம் குறைந்த அடுக்குமாடி வீட்டில், குளியலறைக்குள்ளேயே துண்டு தொங்குகிற இடத்தில், என் வாதம் பலவீனப்படுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதே மாவட்டத்தின் கொடைக்கானலில் அது செல்லவே செல்லாது. பனியிலும் சாரலிலும் துணி காயாமல் தவிக்கிற மலை வீட்டில் மைக்ரோஃபைபர் குளியல் துண்டு புத்திசாலித்தனமான தேர்வுதான்.

தண்ணீர்தான் இந்த விசாரணையின் மையம். ஆத்தூர் காமராஜர் அணையும் காவிரிக் கூட்டுக் குடிநீரும் வந்த பிறகும் கோடையில் குழாய்த் தண்ணீர் பல நாட்கள் தள்ளிப்போவது திண்டுக்கல் வீடுகளுக்குப் புதிதல்ல. துவைப்பதற்குப் பெரும்பாலும் போர் தண்ணீர். தோல் பதனிடும் தொழில் நடந்த பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பேறியது பல ஆய்வுகளில் பதிவான செய்தி. மற்ற இடங்களிலும் பாறைக்கு அடியிலிருந்து வரும் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கூடுதல். சோப்புக் கட்டி இந்த உப்புகளோடு சேர்ந்தால் கரையாத பிசுக்காக மாறித் துணியில் படியும். படிந்த பிசுக்கு மைக்ரோஃபைபரின் இண்டு இடுக்குகளை அடைத்துவிட்டால், துணி தன் ஒரே திறமையை இழக்கிறது. பார்க்கப் புதிதாக இருக்கும், தண்ணீரை மட்டும் தள்ளும். பருத்தியும் பாதிக்கப்படத்தான் செய்கிறது, ஆனால் நாருக்குள் புகும் வழி அதற்கு எஞ்சியிருக்கிறது. மைக்ரோஃபைபரைப் பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. பஞ்சுத் தூசியையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தத் தூசியைக் கண்ணாடியிலும் முகத்திலும் ஒட்டும். தனியாகத் துவை என்றுதான் லேபிளும் சொல்கிறது. தனியாகத் துவைப்பது என்றால் தனி வாளி, தனி அலசல். ஒரு குடம் தண்ணீரை எதற்குச் செலவழிப்பது என்று யோசிக்கிற வீட்டில், மற்ற துணியோடு போட முடியாத துண்டு ஒரு சுமை.

துவைக்கிற கல் இன்னும் பல வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. பருத்திக்கு ஒரு விசேஷ குணம்: நனைந்தால் அதன் இழுவலிமை பத்து முதல் இருபது சதவீதம் வரை கூடும். ஈரத் துணியை ஓங்கி அடித்துத் துவைக்கும் நம் முறை இத்தனை தலைமுறை தாங்கியதற்கு அந்தக் குணம் ஒரு காரணம். தட்டை நெசவு அந்த அடியைத் தாங்கும். தேங்காய்ப்பூத் துண்டின் கண்ணிகளோ கல்லிலும் பிரஷ்ஷிலும் மாட்டி உருவிக்கொண்டு வரும். மைக்ரோஃபைபரின் பிளந்த இழைகளும் கலைந்து உருண்டு போகும். இப்போது மூங்கில் துண்டு என்று விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ். விஸ்கோஸ் நனைந்தால் வலிமையில் பாதியை இழக்கும் என்பதால் கல் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது. பருத்தியின் மீது சொல்லப்படும் நியாயமான குற்றம், வெயிலில் காய்ந்து விறைத்துப்போவது. ஜப்பானின் காவோ நிறுவனமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் காரணத்தைக் காட்டியது. காய்ந்த பிறகும் நார்களின் மேல் எஞ்சி நிற்கும் மிகச் சிறிதளவு தண்ணீர் பசைபோல நார்களை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது. அந்தப் பிணைப்பை உடைத்தால் விறைப்புப் போய்விடும். காயப்போடும் முன் இரு முனையையும் பிடித்துப் படபடவென்று உதறுவதும், எடுத்த பிறகு இரண்டு கையாலும் கசக்கி மடிப்பதும் அதைத்தான் செய்கின்றன. கடைசி அலசலை மட்டும் குழாய்த் தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோ செய்தால் விறைப்பு இன்னும் குறையும். துணியை மென்மையாக்கும் திரவங்களைப் பயன்படுத்த வேண்டாம். அவை மெழுகுபோல் படிந்து இரண்டு வகைத் துண்டையுமே கெடுக்கும்.

வெளிநாட்டு ஒப்பீடுகளில் வராத ஒரு சாட்சி எண்ணெய். நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிக்கும் வீட்டிலும், தினமும் தேங்காய் எண்ணெய் தடவும் தலையிலும், துண்டு துடைப்பது தண்ணீரை மட்டுமல்ல. பாலியஸ்டர் தண்ணீரை வெறுக்கும், எண்ணெயை விரும்பும் பொருள். இழைக்கு இழை ஒட்டிக்கொண்ட எண்ணெய் பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டால் முழுதாகப் போகாது. சில வாரங்களில் அது சிக்கு வாடையாக வெளிப்படும். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேர் உடற்பயிற்சி செய்து வியர்த்த பனியன்களை முகர்ந்து பார்த்துச் சோதித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பருத்தியைவிடப் பாலியஸ்டர் துணிகளே மோசமாக நாறின. வாடைக்குக் காரணமான நுண்ணுயிரிகளில் சில பாலியஸ்டரில் நன்றாகப் பெருகுவதையும் அங்கே கண்டார்கள். அது சட்டைத் துணிக்கான சோதனை. துண்டுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் வேதியியல் ஒன்றே. பருத்தியிலும் எண்ணெய் ஏறும். அதைச் சலவைச் சோடா போட்ட கொதிநீரில் ஊறவைத்து எடுக்கலாம் என்பதுதான் வித்தியாசம்.

கொதிநீர் என்றதும் நோய்க்கு வரவேண்டும். படர்தாமரை கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தியா முழுவதும் எளிதில் தீராத தொல்லையாக மாறியிருக்கிறது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத பூஞ்சை வகைக்கு 2020-இல் டிரைக்கோஃபைட்டன் இண்டோடினே என்று இந்தியாவின் பெயரையே வைத்தார்கள். தோல் மருத்துவர்கள் மாத்திரையோடு சேர்த்துச் சொல்லும் அறிவுரை: ஆளுக்கு ஒரு துண்டு, சுடுதண்ணீரில் துவை, வெயிலில் நன்றாகக் காயவை. மெட்ராஸ் ஐ பரவும் நாட்களிலும் இதே அறிவுரைதான். ஆளுக்கு ஒரு துண்டு என்பது துணி மலிவாகவும் லேசாகவும் இருந்தால்தான் நடக்கும். ஐந்து பேர் வீட்டில் ஐந்து அரைக்கிலோத் துண்டுகளை அன்றாடம் துவைக்க யாராலும் முடியாது. சுடுதண்ணீரைப் பொறுத்தவரை, நல்ல மைக்ரோஃபைபர் 60 டிகிரி வரை தாங்கும். கொதிக்க வைப்பதையும் பிளீச்சிங்கையும் இஸ்திரியையும் பெரும்பாலான லேபிள்கள் தடுக்கின்றன. வெள்ளைப் பருத்தித் துண்டு மூன்றையும் தாங்கும். வெயில் பருத்தியையும் மெல்ல நலியச் செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். துவைத்த துண்டு காய்ந்தவுடன் எடுத்துவிடுவது நல்லது. நாள் முழுக்கக் கொடியிலேயே கிடந்து பொரிய வேண்டியதில்லை.

சமையலறையில் நிலைமை இன்னும் தெளிவு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 82 வீடுகளின் சமையலறைக் கைத்துண்டுகளை அரிசோனா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் கெர்பா குழு சோதித்து 2014-இல் வெளியிட்டது. 89 சதவீதத் துண்டுகளில் கோலிஃபார்ம் பாக்டீரியா, நாலில் ஒரு பங்கில் ஈ.கோலை. எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே கிருமியின் அளவு அமைந்தது. மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு மாதம் பயன்படுத்திய 100 துண்டுகளைச் சோதித்தபோது 49-இல் பாக்டீரியா வளர்ந்தது. ஈரமாகவே கிடந்த துண்டிலும், பாத்திரம் துடைக்க, கை துடைக்க, மேடை துடைக்க என்று எல்லாவற்றுக்கும் ஒன்றையே வைத்திருந்த வீட்டுத் துண்டிலும் ஈ.கோலை அதிகம். நார் எது என்பதைவிட, தினம் மாற்றுகிறோமா என்பதுதான் இங்கே பேச்சு. ஆனால் அடுப்படிக்கு இன்னொரு அபாயம் உண்டு. சூடான பாத்திரத்தை இறக்கக் கைக்கு அகப்படும் துணியைத்தான் எவரும் எடுக்கிறார்கள். பாலியஸ்டர் 250 டிகிரியைத் தாண்டியதும் உருகும். நைலான் வகைகளில் சில 220 டிகிரியிலேயே உருகிவிடும். கேஸ் சுடரின் ஓரம் பட்டால் இந்த வெப்பம் நொடியில் வந்துவிடும். பருத்தியும் தீப்பிடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் உருகித் தோலில் ஒட்டாது. கரித்துணிக்கு மைக்ரோஃபைபர் கூடவே கூடாது. அடுப்பு மேடைப் பக்கம் அதை வைக்காமல் இருப்பதே நல்லது, ஏனென்றால் அவசரத்தில் கை எதையும் எடுக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு மைக்ரோஃபைபருக்கு உரிய இடத்தை மறுப்பது நேர்மையாகாது. அது துடைப்பதில் மன்னன். கூரான விளிம்புகள் தூசியையும் விரல் ரேகை எண்ணெயையும் சுரண்டி எடுத்துத் தன் இடுக்குகளில் வைத்துக்கொள்கின்றன. மூக்குக் கண்ணாடி, செல்போன் திரை, முகம் பார்க்கும் கண்ணாடி, டி.வி., எவர்சில்வர் மேடை, கார் பெயின்ட் ஆகியவற்றுக்குப் பருத்தி அதற்கு ஈடாகாது. பருத்தி பஞ்சை உதிர்க்கும், தூசியை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குத் தள்ளும். சாலையோரத் தூசி படியும் திண்டுக்கல் வீட்டு வாசலில் நிற்கும் பைக்கை உலர்ந்த பழைய துண்டால் துடைப்பது பெட்ரோல் டேங்கில் கீறல் விழவைக்கும் வேலை. ஒர்க் ஷாப்பில் கிரீஸ் துடைக்கப் பனியன் வேஸ்ட் போதும். வாட்டர் வாஷ் கடைக்காரர் கடைசித் துடைப்புக்கு மைக்ரோஃபைபரை எடுப்பது காரணத்தோடுதான். தரை துடைப்பதிலும் அதற்கு வலுவான சான்று உண்டு. கலிஃபோர்னியாவின் யூ.சி. டேவிஸ் மருத்துவமனை மைக்ரோஃபைபர் மாப்புக்கு மாறியதால் தண்ணீரும் ரசாயனமும் பெருமளவு மிச்சமானதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2002-இல் பதிவு செய்தது. தண்ணீர் தட்டுப்பாடுள்ள ஊருக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி. அந்தச் சேமிப்பு தரைக்குக் கிடைப்பது. உடம்பு துடைக்கும் துண்டுக்கு அதை எடுத்துப் பேசக் கூடாது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களிடம் மைக்ரோஃபைபர் லேசு என்று சொல்லி விற்கலாம். ஆனால் தோளில் கிடக்கும் மெல்லிய துண்டு அவர்களுக்கு வெயிலில் தலைப்பாகை, மண்டபத்தில் விரிப்பு, ராத்திரியில் போர்வை. அத்தனைக்கும் மைக்ரோஃபைபர் ஆகாது.

பருத்திக்கு எதிராக வைக்கக்கூடிய மிகக் கனமான வாதம் வயலிலிருந்து வருகிறது. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாக 10,000 லிட்டர் தண்ணீர் என்பது நீர்த்தடக் கணக்காளர்கள் சொல்லும் அளவு. இந்தியப் பருத்திக்கு அது இன்னும் கூடுதல். பூச்சிமருந்தும் உண்டு. வாளித் தண்ணீரை எண்ணுகிறவர் வயல் தண்ணீரை மறக்கலாமா என்று கேட்டால், மறக்கக் கூடாது. இந்தியப் பருத்தி நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மானாவாரி என்பதால் அந்தக் கணக்கில் கணிசமான பகுதி வானம் கொடுத்தது. பாசனத்தில் எடுத்தது அல்ல. அதைவிட முக்கியம், இந்தக் கணக்கு கிலோவுக்கானது. அதே உலகச் சராசரியில் 580 கிராம் தேங்காய்ப்பூத் துண்டுக்கு 5,800 லிட்டர். 175 கிராம் மெல்லிய துண்டுக்கு 1,750 லிட்டர். வயல் தண்ணீரைப் பற்றிய கவலை பருத்தியை விடச் சொல்லவில்லை, தடித்த பருத்தியை விடச் சொல்கிறது. அந்த மெல்லிய துண்டும் நைந்த பிறகு கரித்துணியாகி, பிறகு தரைத் துணியாகி, கடைசியில் மண்ணில் மக்கிப்போகிறது.

மைக்ரோஃபைபர் மக்காது. துவைக்கும்போதெல்லாம் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளை உதிர்த்துக்கொண்டும் இருக்கும். ஆறு கிலோத் துணியை ஒருமுறை எந்திரத்தில் துவைத்தால் பாலியஸ்டரிலிருந்து ஏறக்குறைய 5 லட்சம் இழைகள் வெளியேறலாம் என்று இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு 2016-இல் மதிப்பிட்டது. கடலில் சேரும் முதல்நிலை நுண்பிளாஸ்டிக்கில் 35 சதவீதம் செயற்கைத் துணிகளைத் துவைப்பதால் வருவது என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஐ.யூ.சி.என்.-இன் அறிக்கை 2017-இல் சொன்னது. கடல் இல்லாத ஊருக்கு இதில் என்ன கவலை என்று நினைக்கலாம். நம் துவைத்த தண்ணீர் சாக்கடை வழியாகக் குளத்துக்கும் ஓடைக்கும் போகிறது, பின்கட்டு வாழைக்கும் தென்னைக்கும் பாய்கிறது. கடலுக்குப் போகாத இழை இந்த மண்ணிலேயே தங்குகிறது. பழைய பாட்டிலை உருக்கிச் செய்தது என்று சொல்லி விற்கும் துண்டும் உதிர்க்கத்தான் செய்யும். கண்ணாடி துடைக்க நாலைந்து துணி வைத்துக்கொண்டு, அளவாகத் துவைத்தால் பாதிப்பு சிறிது. வீட்டில் எல்லாருக்கும் தினசரிக் குளியல் துண்டாக அதையே வைத்தால் அப்படிச் சொல்ல முடியாது.

உள்ளூர்த் தொழிலுக்காகப் பருத்தியை வாங்கு என்று சொல்வதை நான் வாதமாக வைக்கவில்லை, ஏனென்றால் அது அவ்வளவு நேர்கோடாக இல்லை. வேடசந்தூர் சாலையின் இருபுறமும் நூற்பாலைகள். தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கமான டாஸ்மாவின் தலைமையகமே திண்டுக்கல்லில்தான். ஆனால் அங்கே நூற்கிற நூல் பல ஊர்களுக்கும் நாடுகளுக்கும் போகிறது. நாம் வாங்கும் துண்டு ஈரோட்டு விசைத்தறியிலோ சோலாப்பூரிலோ நெய்ததாக இருக்கலாம். பருத்தி என்பதால் அது தூய கையால் வந்தது என்றும் சொல்ல முடியாது. தலித் பெண் தொழிலாளர் ஒருவர் 2021 ஜனவரியில் கொலையுண்ட பிறகு நடந்த போராட்டத்தின் விளைவாக, பணியிடத்தில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் இந்த மாவட்டத்து ஆயத்த ஆடைத் தொழிலிலிருந்து பிறந்ததுதான். அந்தக் கேள்வியைப் பருத்தித் துணியைப் பார்த்தும் கேட்க வேண்டும், சூரத்திலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் பாலியஸ்டரைப் பார்த்தும் கேட்க வேண்டும். 2025 செப்டம்பரில் செயற்கை நார், நூல் இரண்டின் ஜி.எஸ்.டி.யும் பருத்தியைப் போலவே 5 சதவீதமாகிவிட்டதால் விலை இடைவெளி மைக்ரோஃபைபர் பக்கம் இன்னும் சாயக்கூடும். உள்ளூரில் நெய்ததையே விரும்புகிறவருக்கு நாகல் நகரும் சின்னாளபட்டியும் நெசவுக்குப் பெயர்பெற்ற இடங்கள். 1947-இல் சௌந்திரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தின் கதரும் பக்கத்திலேயே கிடைக்கிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில வகைத் துண்டுகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியிருக்கிறது என்பதையும் விசைத்தறித் துண்டைக் கைத்தறி என்று சொல்லி விற்பவரிடம் நினைவுபடுத்தலாம்.

ஆக, ஒரு சராசரி வீட்டுக்கு ஆளுக்கு மூன்று மெல்லிய பருத்தித் துண்டுகள். விருந்தாளிக்கு ஒன்றிரண்டு தேங்காய்ப்பூத் துண்டு, அதுவும் 350 ஜி.எஸ்.எம்.முக்கு மேல் போகாமல். கண்ணாடிக்கும் வண்டிக்கும் நாலைந்து மைக்ரோஃபைபர் துணி, தரைக்கு ஒரு மாப்பு. கைக்குழந்தைக்கு இந்த மூன்றுமே வேண்டாம், பலமுறை துவைத்து மெலிந்த பழைய வேட்டிக் கிழிசல் போதும். புதுத் துண்டு முதல் நாளில் தண்ணீரைத் தள்ளுவதைப் பார்த்து மோசமான துணி என்று முடிவுகட்ட வேண்டாம். நூலுக்கு ஏற்றிய கஞ்சி இன்னும் போகவில்லை. இரவு முழுக்க ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசினால் திறந்துகொள்ளும். சிவப்பு, பச்சைக் கரை போட்டதை முதல் சில தடவை தனியாக நனைக்க வேண்டும், சாயம் போகும். கடையில் மைக்ரோ என்ற சொல்லை மட்டும் நம்பி எடுக்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் முழுப் பருத்தியில் நெய்து மைக்ரோ காட்டன் என்ற பெயரில் விற்பதும் உண்டு. நடைபாதைக் கடையில் பருத்தி என்று சொல்லிப் பாலியஸ்டர் கலந்ததைக் கொடுப்பதும் உண்டு. சந்தேகம் இருந்தால் ஓரத்து நூல் ஒன்றை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டலாம். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து சாம்பலாகும், தொட்டால் பொடியாகும். பாலியஸ்டர் சுருண்டு பின்வாங்கி, கரும்புகையோடு உருகி, ஆறியதும் நசுக்க முடியாத கெட்டி மணியாக நிற்கும். இரண்டும் கலந்த நூலில் சாம்பலுக்கு நடுவே சின்னச் சின்னக் கெட்டித் துணுக்குகள் விரலில் படும். பாவு நூலையும் ஊடை நூலையும் தனித்தனியாக எரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒன்றைப் பருத்தியாகவும் மற்றதைப் பாலியஸ்டராகவும் வைத்து நெய்கிற துண்டுகளும் சந்தையில் இருக்கின்றன.